சட்டத்துக்கு வெளியே ஓடும் பந்து

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியபோது அவையில் அமளி நிலவியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பாக எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக் கொண்டிருக்க, குரல் வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். விளையாட்டு நிர்வாகத்துக்கு முதன்முறையாக ஒரு முழுமையான சட்டம் கிடைத்தது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், சம்மேளனத் தேர்தலுக்குத் தனி ஏற்பாடு, நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள், சிறந்த வீரர்களுக்கு இடம் ஆகியவை வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை.

ஆனால், இச்சட்டம் சம்மேளனத்தில் தொடங்கி, அதன் கீழ் இணைந்த அமைப்புகளோடு முடிந்துவிடுகிறது. அந்த வரிசைக்கு வெளியே நிற்பவர்கள் அதன் கண்ணில் படவில்லை. அப்படி நிற்பவர்கள் யாரோ ஒரு சிலர் அல்லர். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இரவு விழித்துப் பார்க்கும் ஆட்டமே வெளியில்தான் நடக்கிறது.

அதன் பெயர் செவன்ஸ். அணிக்கு ஏழு பேர், சிறிய மைதானம், மின்விளக்கு வெளிச்சம். மழைக்காலம் ஓய்ந்த பின் தொடங்கி அடுத்த மழை வரும் வரை, அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் கமுகு மரத்தாலும் மூங்கிலாலும் கேலரி கட்டி நடத்துகிறார்கள். ஆங்கிலேயர் காலத்து ராணுவ முகாமும், 1921 மாப்பிளா கிளர்ச்சியை ஒட்டி உருவான மலபார் சிறப்புக் காவல் படையும் அங்கே பந்தைக் கொண்டுவந்து சேர்த்தன என்பார்கள். போட்டியை நடத்துபவை ஊர் மன்றங்கள். நுழைவுச் சீட்டுப் பணத்திலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களின் நன்கொடையிலும் செலவு போக மிஞ்சுவது பல ஊர்களில் நோய்த்தணிப்பு மருத்துவ மையத்துக்கோ, ஏழை நோயாளியின் சிகிச்சைக்கோ போகிறது. அரசு மானியம் ஒரு ரூபாயும் இல்லாமல் இயங்கும் இத்தகைய ஏற்பாடு இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

அணிகளில் ஒன்றின் பெயர் ஃபிஃபா மஞ்சேரி. ஆனால், உண்மையான ஃபிஃபாவின் உறுப்பான அகில இந்திய கால்பந்து சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிக்கவில்லை. சம்மேளனத்தில் பதிவு பெற்ற வீரர் இதில் ஆடுவது விதிமீறல். சம்மேளனத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டாந்தரையில், குறுகிய இடத்தில், இரவுக்கு இரவு ஆடும் இளைஞனின் முழங்கால் எத்தனை ஆண்டு தாங்கும்? பதினொருவர் ஆட்டத்துக்கான பொறுமையும் வியூகமும் இங்கே கைவராது என்ற பயிற்சியாளர்களின் கவலையையும் தள்ளிவிட முடியாது. எனினும், 2022 மே மாதம் மஞ்சேரி பய்யநாடு மைதானத்தில் வங்காளத்தை வீழ்த்தி கேரளம் சந்தோஷ் கோப்பையை வென்ற இரவில் அரங்கை நிறைத்த கூட்டம், செவன்ஸ் மைதானங்கள் வளர்த்தெடுத்த கூட்டம்தான் என்பதைச் சம்மேளனம் மறந்துவிடக் கூடாது.

அங்கீகாரம் இல்லாமையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளுக்கு ஆடிய பாலக்காட்டு வீரர் ஆர். தன்ராஜன், 2019 டிசம்பர் 29-ஆம் தேதி பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே நெஞ்சுவலியால் சரிந்து உயிரிழந்தார். அவரது குடும்பத்துக்கு நிதி திரட்ட அடுத்த மாதமே பாலக்காட்டில் ஒரு காட்சிப் போட்டி ஏற்பாடானது. ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் வந்திருந்தனர். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிக கேலரி சரிந்து பலர் காயமடைந்தனர். கொல்கத்தாவின் பெரிய அணிகளுக்கு ஆடிய ஒருவரின் குடும்பம், நண்பர்கள் வசூலித்துத் தரும் நுழைவுச் சீட்டுப் பணத்தை நம்ப வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாடம் கற்றோமா என்றால் இல்லை. 2022 மார்ச்சில் காளிகாவு அருகே பூங்கோட்டில் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 2025 பிப்ரவரியில் அரீக்கோடு அருகே இறுதி ஆட்டத்துக்கு முன் வெடித்த வாணவேடிக்கை பார்வையாளர்கள் மீது பாய்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே வட்டாரத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தித் தாக்கியது. தன்னை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக அவர் காவல் துறையிடம் புகார் அளித்தார். சம்பவத்துக்குப் பிறகு வழக்குப் பதிவாவதும், அடுத்த பருவத்தில் அதே மூங்கில் எழும்புவதும் வழக்கமாகிவிட்டன.

இந்த வீரர்கள் யார்? ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் பணம் வாங்குவதால் அவர்களைத் தொழில்முறை வீரர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஃபிஃபா விதி வேறு மாதிரி சொல்கிறது. கிளப்புடன் எழுத்துபூர்வ ஒப்பந்தமும், செலவுக்கு மேற்பட்ட ஊதியமும் உள்ளவரே தொழில்முறை வீரர். மற்ற அனைவரும் அமெச்சூர். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத செவன்ஸ் வீரர் அந்தக் கணக்கில் வெறும் அமெச்சூர். எலும்பு முறிந்தால் காப்பீடு இல்லை. கூலி பாக்கி என்றால் முறையிட இடமில்லை. புதிய சட்டத்தின் தீர்ப்பாயம்கூட இவருக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

இதற்காகச் செவன்ஸை அப்படியே சம்மேளனத்தின் கையில் ஒப்படைத்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. 2022 ஆகஸ்டில் ஃபிஃபாவால் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2025-இல் முதல்நிலைத் தொடரான ஐ.எஸ்.எல்.-லையே குறித்த காலத்தில் தொடங்க முடியாமல் தவித்து, உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தன் அமைப்பு விதிகளைப் பெற்ற ஒரு நிர்வாகத்திடம் நன்றாக ஓடும் வண்டியைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஊர் மன்றங்களின் அச்சமும் அதுதான். தேவை சிறியது. ஒரு பதிவு, கேலரிக்குப் பொறியாளர் சான்று, மைதான ஓரத்தில் மருத்துவரும் ஆம்புலன்ஸும், நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் சில ரூபாய் பிடித்து வீரர்களுக்குக் கூட்டுக் காப்பீடு, ஒரு பக்க அளவில் எழுத்து ஒப்பந்தம். இவற்றுள் பலவற்றை மாநில அரசும் ஊராட்சிகளுமே செய்ய முடியும். இத்தகைய பதிவு பெற்ற மன்றங்களை ‘கேலோ இந்தியா’ திட்டத்தின் பயன் சென்றடையச் செய்வது மத்திய அரசின் கையில் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கப்பட்டது ரூ.1,000 கோடி.

அரீக்கோடும் காளிகாவும் வயநாடு மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை. முதலில் ராகுல் காந்தியையும், 2024 நவம்பர் இடைத்தேர்தலில் பிரியங்கா காந்தியையும் தில்லிக்கு அனுப்பிய தொகுதி. அதன் கேள்விகளுக்கு அவையில் காது கிடைக்காமல் போகாது. கேள்வி நேரத்தில் இது எழுப்பப்பட்டால் வரக்கூடிய பதிலும் செய்தியாளர் மாடத்தில் உள்ள எங்களுக்கு மனப்பாடம்: ‘விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது’. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம் என்பது உண்மையே. ஆனால், அதே விளையாட்டுக்காக நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றிய பிறகு, அமைச்சர் அந்தப் பதிலை எப்படிப் படிப்பார் என்பதைக் கேட்க ஆவலாக இருக்கிறது.