உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

செயின்ட் லூயிஸில் என் அண்டை வீட்டார் பரணிலிருந்து பழைய ஹாக்கன் வேட்டைத் துப்பாக்கியை எடுத்ததும் முதலில் தேடுவது உப்புத்தாளை. வேண்டாம்! துருவோடு குழல் மேலுள்ள முத்திரையும் போய்விடும். அந்த எழுத்தில்தான் விலையே இருக்கிறது. இத்துப்பாக்கிகளைச் செய்த ஹாக்கன் சகோதரர்கள் ஜேக்கப், சாமுவேல் இருவர் பெயரும் இருந்தால், 1849-இல் ஜேக்கப் காலராவில் இறக்குமுன் செய்ததாக இருக்கலாம்; அசல் என்றால் பல்லாயிரம் டாலர். போலி முத்திரையும் உண்டு, நிபுணரிடம் காட்டுங்கள். பித்தளைப் பூண்கள் பளபளத்தால், 1970-இல் தாம்சன் சென்டர் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஹாக்கனாக இருக்கலாம். சுடுவதற்கு அருமையானது, விலையோ சில நூறுதான். அசலில் பெரும்பாலும் இரும்புப் பூண்களே.

எதற்கும் முன், கெட்டிக்கும் கோலை மெதுவாகக் குழலுக்குள் விடுங்கள். அடிவரை இறங்காவிட்டால் பழைய மருந்தும் குண்டும் உள்ளே இருக்கலாம். கரிமருந்து காலத்தால் சாவதில்லை.