விளையாட்டு விளையாட்டுக்காகவா?

கலை கலைக்காகவே என்ற கோட்பாட்டை நமது எழுத்துலகில் இன்று வெளிப்படையாகப் பேசுவோர் அரிது. ஆனால் அக்கோட்பாடு மடிந்துவிடவில்லை. வேடம் மாற்றிக்கொண்டு விளையாட்டு மைதானத்திற் குடியேறியிருக்கிறது. 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்பது அதன் புதிய மந்திரம். ஆசிரியர் ஓய்வறையிலும் இதனைக் கேட்கிறேன், மாணவர் வாயிலும் கேட்கிறேன்.

பெப்ரவரி மாதத்தில் மந்திரம் சற்று உரத்தே ஒலிக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ., தன் போட்டிப் பருவத்தை நடுவில் நிறுத்தி நட்சத்திர வீரர் விழா எடுப்பது அம்மாதத்திலேதான். தலவிலக் கரையில் அப்போது கடல் அமைதியாயிருக்கும். கரைவலை இழுக்கும் காலம். தந்தை வலைக்கயிற்றைப் பற்றி நிற்க, மகன் கைத்தொலைபேசியில் அவ்விழாவின் காட்சிகளைப் பார்த்திருக்கிறான். பார்க்கட்டும். ஆகஸ்டில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரளும் ஊர் இது. இங்கு வாழ்பவன் விழாக்களை வெறுக்க முடியாது. என் வழக்கு வேறு.

இவ்விழா எதற்காகப் பிறந்தது? 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் சிலர் சூதாடிகளிடம் பணம் பெற்றுப் புள்ளிகளைக் குறைத்து ஆடினர் என்ற ஊழல் வெடித்தது. கூடைப்பந்தின் பெயரே நாறிய அவ்வேளையில், கறையைத் துடைக்கவும் நுழைவுச்சீட்டு விற்கவும் சங்கத்தின் விளம்பர அதிகாரி கண்ட உபாயம் இது. அவ்வாண்டு மார்ச் 2ஆந் திகதி பொஸ்டன் நகரில் முதலாட்டம் நடந்தது. 10,094 பேர் வந்தனர். விற்பனைக்காகப் பிறந்த குழந்தை விற்பனையிலேயே வளர்ந்தது. இன்று அது மூன்று நாட் சந்தை. பந்தைக் கூடைக்குள் அறையும் போட்டிக்கு ஒரு கம்பனியின் பெயர், தூரத்திலிருந்து எறியும் போட்டிக்கு இன்னொரு கம்பனியின் பெயர். 2024இல் இந்தியானாபொலிஸ் நகரில் நடந்த ஆட்டம் 211க்கு 186 என்று முடிந்தது. தடுத்தாட எவரும் முயலாத ஆட்டத்தில் வேறென்ன நடக்கும்? உடனே விமர்சகர்கள் வீரர்களைச் சாடினர்: கோடி கோடியாய் வாங்குகிறார்கள், வியர்வை சிந்த மறுக்கிறார்கள்! காட்சிப் பொருளாக மேடையேற்றப்பட்டவன் காட்சிப் பொருளாக நடந்துகொண்டது குற்றமாம்.

இவர்களுக்கு நான் நினைவூட்ட விரும்புவது 1964 ஜனவரி 14ஆந் திகதி இரவை. அதே பொஸ்டன் நகரம், வெளியே பனிப்புயல். ஏ.பி.சி. தொலைக்காட்சி, நாடு முழுவதற்கும் இரவு நேரத்தில் ஆட்டத்தை ஒளிபரப்பக் காத்திருந்தது. வீரர்களோ உடைமாற்றும் அறையின் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தனர். பில் றசல், ஒஸ்கார் றொபேட்சன், எல்ஜின் பெய்லர், ஜெறி வெஸ்ற் ஆகியோர் அங்கிருந்தனர். வீரர் சங்கத் தலைவர் ரொம் ஹைன்சோன். கேட்டது என்ன? ஓய்வூதியம், காயத்தைக் கவனிக்க ஒவ்வோர் அணிக்கும் முறையான பயிற்சியாளர். நட்சத்திரங்கள் என்று பெயர். ஆனால் அக்காலத்தில் அவர்களுட் பலர் பருவம் முடிந்ததும் வேறு தொழில் பார்த்தே குடும்பத்தைக் காத்தனர். ஆண்டுக் கணக்கிற் கேட்டும் உடைமையாளர் செவிசாய்க்கவில்லை. அன்றிரவு மிரட்டல் வந்தது. ஒளிபரப்பு கைவிடப்படும் என்ற எச்சரிக்கையும் வந்தது. கதவு திறக்கவில்லை. ஓய்வூதியத்துக்கு வழி செய்வதாக என்.பி.ஏ. தலைவர் வோல்ற்றர் கெனடி வாக்களித்த பின்னரே வீரர்கள் வெளியே வந்து, சில நிமிடத் தாமதத்துடன் ஆடினர். அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்ற றொபேட்சனே அடுத்த ஆண்டு வீரர் சங்கத்தின் தலைவரானார். 1970இல் அவர் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கு 1976இல் இணக்கத்தில் முடிந்தபோது, வீரனை ஓரணிக்கே அடிமையாய்க் கட்டிவைத்த தளை தளர்ந்தது.

விழாவைத் தவிர வேறெந்த நாளில் அக்கதவை அடைத்திருந்தாலும் உடைமையாளர் கொட்டாவி விட்டிருப்பர். சந்தை கூடிய வேளையிலேதான் சரக்கைப் படைக்கும் கையின் விலை தெரியும். கரைவலைக்காரனுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை: மீன் கரையேறும் வேளையில் இழுப்பவன் கயிற்றை விட்டால் சம்மாட்டி என்ன செய்வான்?

நம் ஆசிரியத் தோழர்கள் இதைப் பிறர் கதையாகக் கேட்கலாகாது. 2021 ஜூலை 12ஆந் திகதி முதல் ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, நாம் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோம். அப்போது நம்மை நோக்கி எறியப்பட்ட சொற்கள் எவை? 'கொள்ளைநோய்க் காலத்தில் இதுவா நேரம்? பிள்ளைகளின் கல்வியோடு விளையாடாதீர்கள்.' கல்வியில் அரசியலைக் கலக்காதே என்பதுதான் அதன் பொருள். அன்று அச்சொற்களைக் கேட்டுக் கொதித்தவர்களே இன்று அதே சொற்களை விளையாட்டைப் பற்றித் தம் மாணவருக்கு உபதேசிப்பதைக் காணும்போது சிரிப்பதா, சினப்பதா என்று தெரியவில்லை.

கைத்தொலைபேசியோடு வரும் மாணவனை விரட்டாதீர்கள். அவன் போற்றும் வீரனின் இன்றைய ஊதியம் எந்தக் கதவடைப்பிலிருந்து வளர்ந்தது என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். 1891இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் இவ்விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஓர் ஆசிரியர். குளிர்காலத்தில் அடங்காத ஒரு வகுப்பை ஆட்டுவிக்க, இரண்டு பீச் பழக் கூடைகளைச் சுவரோரம் அறைந்து, பதினெட்டு மாணவரையும் ஒன்பதின்மராய்ப் பிரித்து இறக்கினார். வகுப்பில் எவரும் பார்வையாளரில்லை. அக்கூடையின் வழிவந்ததே நம் மாணவியர் ஆடும் வலைப்பந்து.

நானறிந்த பாடசாலையொன்றில் வலைப்பந்துக் கம்பம் நிற்கிறது, வளையம் இல்லை. உடற்கல்விப் பாடவேளையைக் கணிதம் விழுங்கிவிட்டது. தெரிவான பன்னிரண்டு பேர் மாலையிற் பயில, ஏனையோர் மதிலோரம் நின்று கைதட்டுகின்றனர். வளையத்தையும் பாடவேளையையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியவர்கள் நாம். 'பரீட்சை முடியட்டும், இப்போது நேரமில்லை' என்று விடை வரும். பொஸ்டனில் அக்கதவுக்கு வெளியே நின்றவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.