பழியை இடம் மாற்றாதீர்கள்

2022இல் இலங்கையைக் கவிழ்த்தவை நாடுகளின் கடன் தகுதியை அளக்கும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள்தானாம்; அவை தரத்தைக் குறைத்தன, கடன் நின்றது, நாடு நொடித்தது என்கிறார் ஒரு கட்டுரையாளர். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் பொறுமைகூட இல்லாமல் எழுதப்பட்ட வாதம் இது.

கோத்தபய ராஜபக்ச அரசு வாட் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8க்கு வெட்டியது 2019 டிசம்பரில். அந்த வரிக்குள் வருவதற்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பையும் 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தியது. கடனில் மூழ்கியிருந்த நாட்டின் கஜானாவை அரசே காலி செய்தது. தரமதிப்பீட்டு நிறுவனமான ஃபிட்ச் இலங்கையின் தரத்தை பி மைனஸுக்கு இறக்கியது அதன் பிறகு, 2020 ஏப்ரலில். இன்னொரு நிறுவனமான மூடிஸ் இரண்டு படி இறக்கியது செப்டம்பரில். கொரோனா சுற்றுலா வருமானத்தை அழித்தது உண்மைதான். ஆனால் 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை போட்டு நெல் விளைச்சலைச் சாய்த்தது கொரோனாவா, மூடிஸா?

தரம் குறைந்தால் வட்டி ஏறும், சந்தைக் கதவு அடைபடும். யாரும் மறுக்கவில்லை. பழைய கடனை அடைக்கவே புதுக் கடன் வாங்கும் நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் கேள்வி. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை.

2021 டிசம்பரில் ஃபிட்ச் தரத்தை சிசி என்று இறக்கியது. கடன் திரும்பி வராமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லும் நிலை அது. கொழும்பு ஆட்சியாளர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். கடனை மறுசீரமைத்து, இருக்கும் டாலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று உள்நாட்டுப் பொருளியலாளர்கள் மன்றாடினார்கள். ஆட்சியாளர்களோ 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலரைக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். டாலர் இல்லாமல் உணவுக் கன்டெய்னர்கள் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்த காலம் அது. மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் செத்து விழுந்தார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசே அறிவித்தது. ஃபிட்ச் சொன்னதில் எது பொய்?

இந்த நிறுவனங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1997 அக்டோபர் வரை தென் கொரியாவுக்கு ஏஏ மைனஸ் கொடுத்திருந்த ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், அந்த டிசம்பரிலேயே பி பிளஸுக்குத் தள்ளியது. அவற்றின் மேல் சொல்ல வேண்டிய குற்றம் தாமதம். கட்டுரையாளரோ முன்கூட்டிச் சொன்னதையே குற்றமாக்குகிறார்.

‘அமெரிக்காவுக்கு மட்டும் உச்சத் தரமா?’ என்ற கட்டுரையாளரின் கேள்வியும் பழங்கதை. 2011, 2023, 2025 என மூன்று நிறுவனங்களும் அந்த உச்சத் தரத்தைப் பறித்துவிட்டன. மேலும், அமெரிக்கா கடன் வாங்குவது தன் சொந்த நாணயத்தில். இலங்கை வாங்கியதோ தன்னால் அச்சடிக்க முடியாத டாலரில்.

பொறுப்பாளிகள் யார் என்பதற்குக் கட்டுரையாளர் இந்த நிறுவனங்கள் இருக்கும் நியூயார்க் வரை தேடிப் போக வேண்டாம். கோத்தபய, மகிந்த, பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14 அன்று இலங்கை உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது.