சோதனையைத் தண்டனை என்று சொல்ல நாம் யார்?

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், லுமாஜாங் மாவட்ட எல்லையில் தும்பாக் செவு என்னும் அருவி உள்ளது. ஜாவா மொழியில் ‘செவு’ என்றால் ஆயிரம். ஏறத்தாழ 120 மீட்டர் உயரமுள்ள அரைவட்டப் பாறைச் சுவரெங்கும் எண்ணற்ற இழைகளாக நீர் இறங்குகிறது. ஏணிகளையும் கயிறுகளையும் பற்றியே அதன் அடிவாரத்தை அடைய முடியும். அருகே 3,676 மீட்டர் உயரத்தில் செமெரு எரிமலை நிற்கிறது.

இதன் படத்தை வகுப்பில் காட்டியபோது மாணவர் ஒருவர் கேட்டார்: “உஸ்தாத், 2021இல் அம்மலை வெடித்தது அம்மக்களுக்கு இறங்கிய தண்டனை என்று ஒரு பயானில் கேட்டேன். அங்கே சென்று ரசிப்பது கூடுமா?”

தண்டனை இறங்கிய ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ரு பகுதியைக் கடந்தபோது, அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழைய வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மாணவரின் ஐயத்திற்கு இதுவே அடிப்படை. ஆனால் ஸமூது கூட்டத்தார் தண்டிக்கப்பட்டனர் என்பதை நமக்கு அறிவித்தது வஹீ. வஹீ நிறைவுற்ற பின்னர், லுமாஜாங் மக்களைப் பற்றி நமக்கு அறிவித்தது யார்?

2021 டிசம்பர் 4 அன்று செமெருவின் நெருப்புச் சாம்பல் கிராமங்களை மூடியது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் ஆற்று மணல் அள்ளிப் பிழைத்த கூலித் தொழிலாளர்களும் இருந்தனர். இடிபாடுகளில் சிக்கி இறக்கும் முஃமினை ஷஹீத்களுள் ஒருவராக எண்ணுகிறது புகாரியில் பதிவான நபிமொழி. அத்தகையோரைக் குற்றவாளிகள் என்று மிம்பரிலிருந்து தீர்ப்பளிப்பது மறைவான ஞானத்தில் பங்கு கேட்பதாகும்.

அதே மலையின் சாம்பல்தான் காலப்போக்கில் வயல்களுக்கு உரமாகிறது. அதன் நுண்துளைப் பாறைகள் மழையை உள்வாங்கி ஊற்றுகளாக வெளியிடுகின்றன. இறுகிய உள்ளங்களைக் கண்டிக்கும் ஸூரத்துல் பகராவின் 74ஆம் வசனம், பாறைகளிலும் ஆறுகள் பீறிடுபவை உண்டு என நினைவூட்டுகிறது. பிறர் துயரத்தில் ஈரம் சுரக்காத உள்ளம் எந்தப் பாறையினும் கடினமானதே.

ஆகவே, வசதியுள்ளோர் தாராளமாகச் செல்லட்டும். பயணத் தொழுகையின் சலுகைகளைப் பேணட்டும். படம் எடுக்கும் மும்முரத்தில் வக்தைத் தவறவிட வேண்டாம். மழைக்காலத்தில் இறங்காதீர் என உள்ளூரார் தடுத்தால் கட்டுப்படட்டும், உயிரும் அமானிதமே. அருவியைக் கண்டு ஸுப்ஹானல்லாஹ் என்று கூறும் நாவு, அம்மலையடியில் இறந்தோருக்காகவும் துஆச் செய்யட்டும்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களை இளகச் செய்வானாக. ஆமீன்.