சாயும் கோடும் சாய்க்கும் கமராவும்

நிழற்படக் கலையைக் கற்பிக்கும் கைந்நூல்களிலே தவறாது காணப்படும் விதியொன்றுண்டு. கிடைக்கோடு அமைதியைக் காட்டும். நிலைக்கோடு உறுதியைக் காட்டும். மூலைவிட்டக் கோடோ இயக்கத்தைக் காட்டும் என்பது அது. விதியிற் பிழையில்லை. அதனைக் கையாள்வோருடனேயே என் வழக்கு.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். நாற்கோணமொன்றின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் செல்வதே மூலைவிட்டம். லைக்கா முதலிய சிறு கமராக்களாற் பெருவழக்குப் பெற்ற படச்சட்டகம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் உடையது. அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ.; அடிக்கோட்டுடன் அது ஆக்கும் கோணம் 34 பாகையளவு. சட்டகத்துள் இதனினும் நீண்ட நேர்கோடு வேறில்லை. மற்றைச் சாய்வுகளெல்லாம் சாய்கோடுகளேயன்றி மூலைவிட்டங்கள் ஆகா. இடமிருந்து வலமாக ஏறுவது உயர்ச்சி, இறங்குவது வீழ்ச்சி என்று சில நூல்கள் மேலும் விரிக்கும். வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்தை ஓதுவோர் அடுத்த வீட்டில் வாழும் கொழும்பிலே, அதனை உலகப் பொதுவிதியென்று சொல்ல நான் துணியேன்.

சாய்கோட்டின் இலக்கணத்தை அறிய விரும்புவோர் கைந்நூலை மூடிவைத்துவிட்டுக் கொழும்பு நூதனசாலைக்குச் செல்க. பொலன்னறுவைச் சிவாலய அகழ்விற் கிடைத்த வெண்கல நடராசர் திருவுருவம் அங்கே உண்டு. தூக்கிய இடத்திருவடி உடலின் குறுக்கே சாய்ந்து செல்கின்றது. யானைத் துதிக்கைபோல் வீசிய இடக்கரமும் அதே திசையிற் குறுக்கே தாழ்கின்றது. இவ்விரு சாய்வுகளுமே கூத்தின் வேகத்தைக் கண்ணுக்குக் காட்டுவன. ஆயினும், முயலகன்மேல் ஊன்றிய வலத்திருவடியையும் அசையாது நிமிர்ந்த திருமுகத்தையும் நோக்குக. அவை இல்லையேல் அச்சாய்வுக்கு அளவேது? அவ்வுருவத்தைப் பீடத்தோடு சற்றே சரித்துவைத்ததாக எண்ணிப் பாருங்கள். ஆடல் போய் விழுதல் வந்துவிடும். நிமிர்ந்த ஒன்றை அருகே வைத்தே சாய்ந்ததன் பொருளை அறிகின்றோம். வெண்கலம் வார்த்த சிற்பிக்குத் தெரிந்த இதனைக் கமராவைக் கையில் எடுத்தவர் பலர் மறந்துவிட்டனர். காட்சியிலே சாய்வு இல்லாதபோது கமராவைச் சரித்து அதனை உண்டாக்குகின்றனர்.

கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றில் மாணவர்தம் நிழற்படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தனர். பாடசாலையின் பெயர் வேண்டா. முதற்பரிசு பெற்ற படம் வெள்ளவத்தைக் கடற்கரையின் மாலைக்காட்சி. கமராவைச் சரித்துப் பிடித்தமையால் தொடுவானமே சாய்ந்து கிடந்தது. கடல் முழுவதும் வழிந்து தெகிவளைக்குட் புகுந்துவிடுமோ என்று அஞ்சினேன். அதே வெள்ளவத்தையிற் கடலோரமாகச் செல்லும் இருப்புப்பாதையைச் சற்று ஒதுங்கி நின்று நோக்கினால், தண்டவாளங்கள் தாமே சாய்கோடுகளாகித் தொலைவை நோக்கி விரையும். தொடுவானம் மட்டமாகவே நிற்கும். கேளாமலே கிடைக்கும் அச்செல்வத்தை விட்டுக் கடலைக் கவிழ்ப்பானேன்?

கடலைக் கவிழ்த்தால் ஒருவருக்கும் தீங்கில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மற்றொரு மூலையிலே, எவரும் நின்று பாராத படமொன்று தொங்கிற்று. புறக்கோட்டைத் தெருவில் நாட்டாமி ஒருவர் மூட்டைகள் ஏற்றிய கைவண்டியை இழுத்துச் செல்கின்றார். பாரம் பின்னே இழுக்க, உடல் முன்னே சாய்ந்திருக்கின்றது. குதிக்காலிலிருந்து தலைவரை ஒரே சாய்கோடு. பின்னால் ஒரு மின்கம்பம் நேராக நிற்கின்றது. கம்பத்துக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள அக்கோணந்தான் அவர் இழுக்கும் பாரத்தின் அளவு. இப்படத்தை எடுத்த மாணவன் 'இயக்கம்' வேண்டுமென்று கமராவை ஒருபுறம் சரித்திருந்தால், கம்பம் சாய்ந்து முதுகு நிமிர்ந்திருக்கும், பாரம் மறைந்திருக்கும். மறுபுறம் சரித்திருந்தால், உழைக்கும் மனிதர் தள்ளாடி விழுபவராகத் தோன்றியிருப்பார். இரண்டும் பொய். ஏழை ஒருவரின் உழைப்பைப் பற்றிச் சொல்லும் பொய்யாதலால் இதனை வெறும் அழகியற் பிணக்கென்று தள்ளிவிட என்னால் இயலவில்லை.

கமராவைச் சரித்தவர்களிலே பெருங்கலைஞர் இல்லையோ என்று சிலர் வினவுவர். உளர். ரஷ்ய நாட்டு அலெக்சாந்தர் ரொட்சென்கோ (1891–1956) அவர்களுள் தலையாயவர். வயிற்றுமட்டத்தில் கமராவைப் பிடித்து உலகை நேரே நோக்கும் பழக்கம் போதும். மேலிருந்தும் கீழிருந்தும் நோக்குக என்றார் அவர். 1930இல் எக்காளம் ஊதும் சிறுவனைக் கீழிருந்து எடுத்த படத்துக்காக அவரை வடிவவாதி என்று கடிந்தனர். அதிகாரத்தின் துணையோடு அவ்வாறு கடிந்தவர் பக்கம் நான் நிற்கவில்லை. 1934இல் அவர் எடுத்த, லைக்கா கமராவுடன் அமர்ந்த பெண்ணின் படத்தில் இருக்கை சாய்கின்றது. நிழலோ வலைபோல் அனைத்தின்மேலும் விழுகின்றது. பார்ப்பவர் எவரும் அதனைத் தெருக்காட்சியென்று மயங்கார். தான் செய்வது இன்னதென்று அப்படமே சொல்லிவிடுகின்றது. நம் இளைஞர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சரிவை மட்டுமே. ஏன் சரித்தார் என்ற வினாவை மொஸ்கோவிலேயே விட்டுவிட்டனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொழும்பிலேயே லயனல் வென்ட் (1900–1944) வாழ்ந்தார். மீனவரையும் கண்டி நடனக்காரரையும் அவர் எடுத்த படங்கள், அவர் மறைந்தபின் 1950இல் நூலாக வெளிவந்தன. அவர் பெயரால் அமைந்த கலைமண்டபத்துக்கு நாடகம் பார்க்கச் செல்வோரிற் பலர் அவரது படமொன்றையேனும் கண்டதில்லை. பாடசாலை நூலகங்களில் அந்நூல் இருத்தல் வேண்டும்.

நடுவராக அமர்வோருக்கு ஒரு வேண்டுகோள். சாய்கோடு உண்டா என்று தேடுமுன், படத்திலே நேரானது எது என்று கேளுங்கள். கோபுரமோ, விளக்குக் கம்பமோ, கடலின் விளிம்போ, ஏதேனும் ஒன்று. கட்டடக்காரர் கையிலுள்ள தூக்குக்குண்டு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டாலும் தகும். அந்த நாட்டாமியின் படத்துக்கு ஆறுதற் பரிசுகூடக் கிடைக்கவில்லை.