மகரந்தம் யாருடைய பாடம்?

இந்தியப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளில் நெடுநாளாக உலவிவரும் எண்ணம் ஒன்று உண்டு. நுண்ணோக்கி பட்டம் பெற்றோரின் கருவி என்பது அது. தேனீ வளர்ப்பவர் ஒருவர் அக்கருவியைச் சொந்தக் காசில் வாங்கி மகரந்தம் பார்த்தால் அது பொழுதுபோக்கு. அதே மகரந்தத்தை ஆய்வு மாணவர் பார்த்து, இரண்டு அட்டவணைகளோடு ஆய்விதழில் வெளியிட்டால் அது மகரந்தவியல். இந்த எண்ணம் தவறானது. அதற்கான விலையைத் தேனீ வளர்ப்போர் சந்தையில் கொடுத்துவருகிறார்கள்; துறைகளும் கொடுத்துவருகின்றன, ஆனால் அவற்றுக்கு அது உறைக்கவில்லை.

தேனீ வளர்ப்பவர் நுண்ணோக்கிக்கு வந்து சேரும் வழியைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். காலையில் பெட்டியின் வாயிலருகே அமர்ந்திருப்பவரின் கண்ணில் முதலில் படுவது நிறம். திரும்பிவரும் தேனீக்களின் பின்னங்கால்களில் மகரந்த உருண்டைகள் இருக்கும். ஒன்று அடர்மஞ்சள், ஒன்று வெளிர்மஞ்சள், ஒன்று ஆரஞ்சு. இவை எந்தப் பூவிலிருந்து வந்தன என்ற கேள்வி அவருக்குப் பிழைப்போடு தொடர்புடையது. பூ எதுவென்று தெரிந்தால்தான் பெட்டிகளை அடுத்து எங்கே நகர்த்துவது, எப்போது தேன் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். நிறம் பாதி வழி வரைதான் துணைவரும். மஞ்சள் மகரந்தம் தரும் செடிகளுக்குக் கணக்கில்லை. அந்த இடத்தில் அவருக்கு நுண்ணோக்கி தேவைப்படுகிறது. 400 மடங்கு பெருக்கத்தில், வெறுங்கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரிந்தவை தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. கடுகின் மணியில் மூன்று நீள்பள்ளங்களும் மேற்பரப்பு முழுவதும் வலைப்பின்னலும் தெரியும். சூரியகாந்தி முள்ளுருண்டை. யூகலிப்டஸ் முக்கோணம். கொத்தமல்லி நீண்டு, பல சமயம் இடுப்பு சிறுத்துக் காணப்படும். கருவேலத்தில் மணிகள் தனித்து இருப்பதில்லை. பல ஒன்றாய் ஒட்டிய கட்டியாகவே வரும். எந்தப் பாடத்திட்டமும் அவரை இங்கே கொண்டுவரவில்லை. தேவை கொண்டுவந்தது.

இவ்வழி புதியதும் அன்று. பிரிட்டனில் டோரதி ஹாட்ஜஸ் 1952இல் வெளியிட்ட நூல், தேனீயின் கால்களில் வரும் மகரந்தச் சுமைகளின் நிறங்களையும் மணிகளின் வடிவங்களையும் அவரே வரைந்த படங்களோடு தொகுத்தது. ரெக்ஸ் சாயர் 1981இல் எழுதிய மகரந்த அடையாள நூலின் தலைப்பிலேயே அது தேனீ வளர்ப்போருக்கானது என்ற குறிப்பு இருக்கிறது. ஈவா கிரேன் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1942இல் திருமணப் பரிசாக வந்த ஒரு தேனீக் கூடு அவரை இத்துறைக்கு இழுத்தது, 1949இல் தேனீ ஆய்வுச் சங்கம் பிறந்தது. இந்தியாவிலும் மரபு இல்லாமல் போகவில்லை. லக்னோவில் பி.கே.கே. நாயர் மேற்கு இமயத் தாவரங்களின் மகரந்தத்தைப் பற்றி 1965இலேயே நூல் தந்துவிட்டார். புனேயில் மத்திய தேனீ ஆய்வு, பயிற்சி நிறுவனம் 1962 முதல் இருக்கிறது. ஆயினும் அறிவு நிறுவனங்களின் மதில்களுக்குள் சேர்ந்ததே தவிர, முசாபர்பூரின் லிச்சித் தோப்பில் பெட்டி வைத்திருப்பவரின் கைக்கு அது வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020 டிசம்பரில் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 13 வணிகத் தேன்களில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. கலப்படத்தைக் காட்டிக்கொடுத்த அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனை ஜெர்மனியில் செய்யப்பட்டது. வழக்கமான சர்க்கரைச் சோதனைகளைத் தாண்டிச் செல்லும்படியே பாகுகள் வடிவமைக்கப்பட்டிருந்தன. பாகின் விலையோடு போட்டியிட வேண்டிய நிலையில் உண்மைத் தேனை எடுத்தவர் நின்றார். தம் தேன் தம் தேன்தான் என்று காட்ட அவர் கையில் சான்று எதுவும் இல்லை. சான்று என்பது இன்னொரு நாட்டில், அவரால் ஒருபோதும் வாங்க இயலாத கருவிக்குள் இருந்தது.

மகரந்தம் பார்ப்பதால் பாகைப் பிடித்துவிட முடியாது. உண்மைத் தேனில் அரிசிப் பாகைக் கலந்தாலும் மகரந்தம் அதில் இருக்கவே செய்யும். நுண்வடிகட்டியால் மகரந்தத்தை முற்றாக நீக்கவும் முடியும். ஆனால் தேன் எந்தப் பூவிலிருந்து, எந்த நிலப்பகுதியிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு மகரந்தமே இன்றும் நேரடியான சாட்சி. அதைப் பார்க்கும் முறை எளியது. லூவோ, மௌரிசியோ, ஃபோர்வோல் மூவரும் 1970இல் வகுத்து 1978இல் திருத்திய முறைப்படி 10 கிராம் தேனை 20 மில்லிலிட்டர் வெந்நீரில் கரைத்து, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்குவதை ஸ்லைடில் எடுத்து எண்ணினால் போதும். 45 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இனம் முதன்மையானது. மையவிலக்கி இல்லாதவர் கரைசலைக் கூம்புக் குவளையில் ஓரிரவு வைத்தாலும் வண்டல் படியும். சந்தையில் விலை உயர்த்தி விற்கப்படும் துளசித் தேனை எடுத்துக்கொள்ளலாம். துளசியின் மகரந்த மணிக்கு ஆறு பள்ளங்கள். புதினாவுக்கும் அப்படியே என்பதால், ஆறு பள்ள மணி இருந்தால் அது துளசிதான் என்று உறுதியாகாது. ஆனால் கடுகும் யூகலிப்டஸும் நிறைந்த ஸ்லைடில் அப்படி ஒரு மணிகூட இல்லையென்றால், துளசிப் பூவின் தேன் என்ற லேபிளை யார் எழுதினார் என்று கேட்கலாம். இந்தியத் தர விதிகள் கிராமுக்கு இத்தனை மகரந்தம் என்று எண்ணிக்கை கேட்கின்றன. எண்ணிக்கையை வெளியிலிருந்து சேர்த்தும் நிரப்பலாம். எவருடைய மகரந்தம் என்று கேட்பதற்குக் கண் வேண்டும்.

இங்கே துறைசார்ந்தோர் எழுப்பும் மறுப்பு தெரிந்ததே: பயிற்சியற்றவர் தவறாக வாசிப்பார், முறைமை கெடும். தவறு நேரும் என்பது மெய். எலுமிச்சை இனத் தேனில் மகரந்தம் இயல்பாகவே குறைவு. விழுக்காட்டை மட்டும் நம்புகிறவர் அங்கே ஏமாறுவார். ஆனால் அப்படி ஏமாறக்கூடியவர் யார்? பெட்டியைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் எந்த வாரம் எது பூத்தது என்று அறிந்தவரா, குப்பியில் வந்த மாதிரியை மட்டும் கண்டவரா? முறைமை என்ற சொல்லையும் கொஞ்சம் சோதிக்கலாம். எர்ட்மனின் அசிட்டாலிசிஸ் முறைக்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் வேண்டும். முன்னது ஹெராயின் தயாரிப்பிலும் பயன்படுவதால் இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வீட்டில் வைத்திருக்க வேண்டியதும் அன்று. ஆனால் தேன் ஆய்வுக்கு அது கட்டாயமில்லை. ஃபுக்சின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லியே போதும். கடினமான முறையைக் காட்டி எளிய முறையைச் செய்பவரை வாயிலில் நிறுத்துவதற்கு முறைமை என்ற பெயர் பொருந்தாது.

துறைகளின் சொந்த நிலை என்ன? பல கல்லூரிகளில் நுண்ணோக்கிகள் செய்முறைத் தேர்வு வாரத்தில் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வருகின்றன. மாணவர்களின் பதிவேட்டில் இருக்கும் மகரந்தப் படம் முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து வந்தது. அது அதற்கும் முந்தைய ஆண்டிலிருந்து. மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையே திட்டம் வகுத்து நாடெங்கும் பரப்பியது. பயிலரங்கில் எடுத்த படம் ஆண்டறிக்கையில் ஏறியபின் அந்தக் காகிதம் எந்த மேசை அறைக்குள் போனது என்று துறைகள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளலாம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமகனின் கடமையாக அரசமைப்பு 1976 முதல் சொல்கிறது. கடமையைச் செய்ய வந்த குடிமகனிடம் பட்டம் கேட்பது விந்தை.

கேட்கப்படுவது பெரிய நிதியும் அன்று. தேனை வாசிக்க முதலில் வேண்டியது ஒப்புநோக்கு ஸ்லைடுத் தொகுப்பு. அந்தந்த வட்டாரத்தின் பூக்களிலிருந்து, பெயர் உறுதிசெய்து, பூத்த தேதியோடு எடுத்தது. பெயரை உறுதிசெய்யத் துறையில் ஆளும் உலர்தாவரத் தொகுப்பும் உண்டு. எந்தப் பூவுக்குத் தேனீ உண்மையில் போகிறது என்று தேனீ வளர்ப்பவருக்குத் தெரியும். குளிர்காலத்தில் பரத்பூரின் கடுகு வயல்களிலும் மார்ச்சில் முசாபர்பூரின் லிச்சித் தோப்புகளிலும் லாரியில் பெட்டிகளோடு வந்திறங்குகிறவர்கள் பல கல்லூரி வாயில்களைக் கடந்துதான் போகிறார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் ஆய்வகத்தைத் திறந்துவைத்து, அவர்கள் கொண்டுவரும் பூவையும் தேனையும் அவர்களே பார்க்கும்படி ஒரு நுண்ணோக்கியை ஒதுக்கித் தர எந்த விதியும் தடையாக இல்லை. அலமாரியின் சாவி துறைத்தலைவரிடமே இருக்கிறது.