நிதி விருந்தும் பெற்றார் கடமையும்

தனியார் பாடசாலைகளின் நிதிக்காக நடத்தப்படும் இராப்போசன விருந்துகளுக்கும் களியாட்ட விழாக்களுக்கும் பெற்றார் செல்லத்தான் வேண்டுமா? இவ்வினா இன்று பல வீடுகளில் எழுந்துள்ளது. சீட்டை வாங்கினால் வீட்டுச் செலவு இடிக்கிறது. வாங்காவிட்டால் பிள்ளையின் முகம் வாடுகிறது. இவ்விரண்டுக்குமிடையில் அகப்பட்டுத் தவிக்கும் பெற்றாருக்கு நேர்மையான விடை கூறுதல் எமது கடமையாகும்.

இவ்விழாக்கள் வெறும் ஆடம்பரத்தாற் பிறந்தவை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. யாழ்ப்பாணத்திலே பரியோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில தனித்து நிற்கத் துணிந்தன. அரசின் நன்கொடையும் நின்றது. கட்டணம் அறவிடவும் வழியில்லை. பெற்றாரும் பழைய மாணவரும் கொடுத்த பணமே அந்நாளில் இத்தகைய கல்லூரிகளைத் தாங்கிற்று. பின்னாளில் ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு உதவ முன்வந்தபோதிலும், கட்டடம், ஆய்வுகூடம், விடுதி என்பவற்றின் சுமை முற்றாக நீங்கிவிடவில்லை.

ஆகவே, பிள்ளை பயிலும் கல்லூரியைத் தாங்குதல் பெற்றாரின் கடமை. ஆனால் விருந்துக்குச் செல்லுதல் கடமையன்று. அது அவரவர் விருப்பம். இவ்விரண்டையும் ஒன்றாக்குவதிலேதான் தீமை பிறக்கிறது.

கொழும்பு ஹோட்டலில் ஒரு மேசையையே விலைக்கு வாங்கக்கூடிய வைத்தியரும், வெங்காயத்தின் விலை விழுந்த ஆண்டிற் கடனோடு நிற்கும் கமக்காரரும் ஒரே வகுப்பறைக்குத் தம் மக்களை அனுப்புகின்றனர். அதுவன்றோ நல்ல கல்லூரிக்குப் பெருமை! அவ்வகுப்பறையிற் சீட்டு வாங்காதவரின் பிள்ளையை எழுப்பி நிறுத்துவது எங்கு நடந்தாலும் அது கல்விக்கு இழுக்கு. முன்வாசலால் வெளியேற்றிய கட்டணத்தைப் பின்வாசலால் அழைத்துவருதல் வேறென்ன?

“விருந்துச் செலவையும் சேர்த்துக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டால் என்ன?” எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. எனினும் பழைய நண்பர் ஒன்றுகூடும் மகிழ்ச்சியிற் கை தாராளமாகத் திறக்கும் என்பதும் உண்மை. வசதியும் விருப்பமும் உள்ளோர் செல்லட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் நடத்துவோரிடம் மூன்றைக் கேட்கும் உரிமை பெற்றாருக்கு உண்டு. சீட்டுப் பெற்றாரிடம் நேரே வரவேண்டும். பிள்ளையின் கையில் வரலாகாது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனது எவ்வளவு, கல்விக்கு எஞ்சியது எவ்வளவு என்ற கணக்கைப் பெற்றார் ஆசிரியர் சங்கத்தின் முன் வைத்தல் வேண்டும். பணமில்லாதவர் வேலியடைத்தும் கூரை திருத்தியும் தரும் உழைப்பு, காசோலைக்குச் சமமாக மதிக்கப்படல் வேண்டும்.

உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்துப் பொதுக் காரியங்களைத் தாங்கிய தாய்மாரின் வழிவந்தவர்கள் நாம். எவர் வீட்டுப் பிடி பெரிது என்று அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கொடுக்கும் அப்பண்பு வளர்க! அளந்து பார்க்கும் புதுப் பழக்கம் ஒழிக!